கேட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும்

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் கடலை நியூயார்க் துறைமுகத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தது. மான்ஹாட்டனின் தென்கோடியான பேட்டரி முனையில் நீர்மட்டம் ஏறத்தாழ 14 அடியைத் தொட்டது. நகரத்தில் மட்டும் 43 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஸ்டேட்டன் தீவுக்காரர்கள். அதே இரவில் கிழக்கு ஆற்றையொட்டிய துணைமின் நிலையம் ஒன்றில் வெள்ளம் புகுந்து வெடித்ததால், கீழ் மான்ஹாட்டன் பல நாள் இருளில் கிடந்தது.

ஊரோடு கலந்துபேசித்தான் நகரங்களைக் காலநிலை மாற்றத்துக்குத் தயார்செய்ய வேண்டும் என்று எல்லாத் திட்ட அறிக்கைகளும் எழுதிவிடுகின்றன. அந்த வாசகம் நடைமுறையில் என்ன ஆகிறது என்பதற்கு, அன்றிரவு மூழ்கிய இரண்டு இடங்களை இங்கே அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். ஒன்று ஸ்டேட்டன் தீவின் கிழக்குக் கரையிலிருக்கும் ஓக்வுட் பீச். மற்றது மான்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடும் அதன் ஆற்றங்கரையிலுள்ள ஈஸ்ட் ரிவர் பூங்காவும். ஒரே மாநகரம், ஒரே புயல். இரண்டு இடத்துக்கும் பணம் வந்தது ஒன்றிய அரசின் பேரிடர் நிதியிலிருந்து. ஓக்வுட்டில் குடியிருப்போர் தாங்களே ஒரு கோரிக்கையை எழுப்பி அரசை அதற்கு இணங்க வைத்தார்கள். மான்ஹாட்டனில் அரசு குடியிருப்போரைக் கூப்பிட்டு நான்காண்டு கருத்துக் கேட்டது. பிறகு வேறொரு திட்டத்தோடு வந்து நின்றது.

ஓக்வுட் பீச் உப்புச் சதுப்பில் எழுந்த ஊர். கோடையில் வந்து தங்குவதற்காகக் கட்டிய சின்னச் சின்ன மரவீடுகள் காலப்போக்கில் முழுநேர வீடுகளாயின. தெருமுனையிலேயே ஆள் உயரத்துக்கு மேல் நாணல் மண்டி நிற்கும். வறண்ட காலத்தில் அது பற்றி எரியும், மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கும். 1992இல் வடகிழக்குப் புயல் ஊரை மூழ்கடித்தபோது அங்கிருந்தவர்கள் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர் குழு ஒன்றை அமைத்து, தடுப்புக் கரை வேண்டுமென்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். கரையும் வந்தது. சாண்டி அதன்மேல் ஏறி வந்தது. ஃபாக்ஸ் பீச் என்று அவர்கள் சொல்லும் பகுதியில் மூன்று பேர் இறந்தார்கள்.

புயலடித்துச் சில வாரங்களில், நிவாரணம் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூடியது. காப்பீடு, மனுப் படிவம், ஈரச் சுவரில் பூஞ்சை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த ஒருவர் எழுந்தார். அரசே நம் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, யாருக்கெல்லாம் விருப்பம் என்று கேட்டார். கூடத்தில் இருந்தவர்களில் அநேகமாக எல்லோருமே கையைத் தூக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெருவை விட்டுப் போகிறோம் என்று இருநூறு பேர் ஒரு கூட்டத்தில் கையுயர்த்துவது எளிய காரியமா? முந்தைய இருபது ஆண்டுகளில் அவர்கள் பட்டதெல்லாம் அந்தக் கைகளில் இருந்தது. கரை கட்டிப் பார்த்தாயிற்று, வீட்டை மராமத்து செய்து பார்த்தாயிற்று. தண்ணீர் எந்த வழியாக வரும், எந்தத் தெருவில் முதலில் ஏறும், எத்தனை நாள் நிற்கும் என்பதை எந்தப் பொறியாளரும் வந்து அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் செய்த வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழு அமைத்தார்கள். தெருப்படம் ஒன்றை எடுத்துவைத்து, வீடு வீடாகப் போய்க் கேட்டு, விற்கச் சம்மதித்த மனைகளை அதில் குறித்துக்கொண்டே வந்தார்கள். அரசுக்கு வேண்டியிருந்ததும் இதுதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு வீட்டை வாங்கினால் சாலை, கழிவுநீர்க் குழாய், தெருவிளக்கு எதையும் நிறுத்த முடியாது. நிலமும் சதுப்பாகத் திரும்பாது. சேர்ந்தாற்போல் ஒரு முழுப் பகுதி கிடைத்தால்தான் வாங்குவதில் பொருளுண்டு. அந்தக் கணக்கை அதிகாரிகள் போடும் முன்பே ஊரார் போட்டு முடித்துக் கையில் வைத்திருந்தார்கள். 2013 பிப்ரவரியில் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ, ஓக்வுட் வீடுகளைப் புயலுக்கு முந்தைய சந்தை விலைக்கு மாநில அரசு வாங்கும் என்று அறிவித்தார். நகருக்குள்ளேயே வேறு வீடு பார்த்துக்கொள்பவர்களுக்கு 5 சதவீதம் கூடுதல். வாங்கிய மனையில் மறுபடி யாரும் வீடு கட்டக் கூடாது, நிலம் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும். பின்னர் ஓஷன் பிரீஸ், கிரஹாம் பீச் என்ற பக்கத்துப் பகுதிகளும் இதே வழியைக் கேட்டுப் பெற்றன.

மாநகராட்சி அப்போது எதிர்த்திசையில் நின்றது. மேயர் மைக்கேல் புளூம்பெர்க் கரையோரத்தைக் கைவிடுவதில்லை என்ற கொள்கைக்காரர். பலப்படுத்திக் கட்டுவோம் என்பதே அவருடைய நிர்வாகத்தின் பேச்சு. ஓக்வுட் மக்கள் மாநகராட்சியைத் தாண்டி மாநில அரசிடம் போனார்கள். பங்கேற்பு என்றால் அழைத்தவரின் மேசையில்தான் உட்கார வேண்டும் என்று நினைக்கும் நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு.

இன்னொன்று. இந்த ஊர்க்காரர்களில் பலர் தீயணைப்பு, காவல், துப்புரவுத் துறைகளில் வேலை பார்த்தவர்கள். அரசியலில் பழமைவாதச் சார்புள்ளவர்கள். அவர்களோடு நெடுநாள் பழகி ஆராய்ந்த லிஸ் கோஸ்லோவ், அவர்களுடைய கூட்டங்களில் காலநிலை மாற்றம் என்ற பேச்சே அரிதாகத்தான் எழுந்தது என்று எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் காலநிலை மாற்றத்துக்காகச் செய்யக்கூடிய மிகக் கடினமான காரியத்தை, கரையைவிட்டு விலகுவதை, அந்தச் சொல்லை வாயில் எடுக்காமலே ஒரு ஊர் செய்து முடித்தது. விழிப்புணர்வு முகாம் நடத்தி முதலில் அறிவியலைப் புரியவைத்தால்தான் மக்கள் ஒத்துழைப்பார்கள் என்ற நம்பிக்கை நம் அதிகாரிகளிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஓக்வுட்டை அறிந்த பிறகு அந்த நம்பிக்கையை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

லோயர் ஈஸ்ட் சைடின் கதை இதைவிடப் பெரியது, சிக்கலானது. ஓக்வுட்டில் இருநூறுக்கும் குறைவான வீடுகள். ஒரே கூடத்தில் ஊர் முழுவதும் உட்கார்ந்துவிடலாம். இங்கே வெள்ளத் தடுப்பு காக்க வேண்டியவர்கள் சுமார் 1,10,000 பேர். அவர்களில் பல்லாயிரம் பேர் நகர வீட்டுவசதி வாரியத்தின் அடுக்ககங்களில் வாழும் குறைந்த வருமானக்காரர்கள். ஸ்பானியம் பேசுகிறவர்கள், சீனம் பேசுகிறவர்கள், புதிதாக அதிக வாடகைக்கு வந்தவர்கள், கூட்டுறவு அடுக்ககத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கலந்த பகுதி. புயலுக்குப் பின் மின்தூக்கி ஓடவில்லை, மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. உள்ளூர் அமைப்புகளின் தொண்டர்கள் சாப்பாட்டையும் மருந்தையும் குடிதண்ணீரையும் இருட்டில் படியேறிச் சுமந்து, வெளியே வர முடியாத முதியவர்களைக் கதவு கதவாகத் தட்டித் தேடினார்கள். அந்த அனுபவத்திலிருந்து பல அமைப்புகள் சேர்ந்து எல்ஈஎஸ் ரெடி என்ற கூட்டணியை உருவாக்கின.

2013இல் ஒன்றிய வீட்டுவசதித் துறை, புயல் பாதித்த பகுதிகளை மறுகட்டமைக்க ரீபில்ட் பை டிசைன் என்ற போட்டியை அறிவித்தது. டேனிஷ் கட்டடக் கலைஞர் பியார்கே இங்கெல்ஸின் நிறுவனம் உள்ளிட்ட குழு, மான்ஹாட்டனின் கீழ்ப்பகுதியை ஆங்கில ‘யூ’ வடிவில் வளைத்துக் காக்கும் திட்டத்தை வைத்தது. கூட்டங்கள் நடந்தன, மூன்று மொழிகளில் நடந்தன. ஆற்றை எங்கள் கண்ணிலிருந்து மறைக்கும் மதில் வேண்டாம், நெடுஞ்சாலையைத் தாண்டிப் பூங்காவுக்குப் போக நல்ல பாலங்கள் வேண்டும், கரை அழகானதும் வாடகை ஏறி நாங்கள் வெளியேறும்படி ஆகக் கூடாது என்று குடியிருப்போர் சொன்னார்கள். 2014 ஜூனில் முதல் கட்டத்துக்கு 33.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மான்ட்கோமரி தெருவிலிருந்து கிழக்கு 25ஆம் தெரு வரை 2.4 மைல் நீளத்துக்கு வேலை.

அடுத்த நான்காண்டுகளில் உருவான வடிவத்தின் சாரம் இது. எஃப்டிஆர் என்ற ஆற்றோர நெடுஞ்சாலைக்கும் பூங்காவுக்கும் இடையே, பூங்காவின் நகரப் பக்க விளிம்பில், புல்வெளிச் சரிவாக ஒரு கரைமேடு எழும்பும். பூங்கா இருந்த மட்டத்திலேயே இருக்கும். பெரும்புயலில் நீர் பூங்காவுக்குள் வந்து மேட்டில் முட்டி நின்று வடியும். மரங்கள் பெரும்பாலும் பிழைக்கும். 1939இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் பேஸ்பால் திடல்கள் இருந்தன, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக இறைச்சி சுடும் இடங்கள் இருந்தன, 1956இல் ஜோசப் பாப் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தை இலவசமாக மேடையேற்றிய திறந்தவெளி அரங்கம் இருந்தது. அதெல்லாம் நீடிக்கும் என்ற நம்பிக்கையில்தான் மாலை நேரக் கூட்டங்களுக்கு மக்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

2018 செப்டம்பரில் மேயர் பில் டி பிளாசியோவின் நிர்வாகம் புதிய திட்டத்தை அறிவித்தது. பூங்கா முழுவதையும் மண் கொட்டிச் சுமார் 8 அடி உயர்த்துவது, தடுப்பை ஆற்று விளிம்புக்கே கொண்டுபோவது, இருக்கும் பூங்காவைப் புதைத்து அதன்மேல் புதுப் பூங்கா கட்டுவது. செலவு 76 கோடி டாலரிலிருந்து 145 கோடியாக ஏறியது. ஏறத்தாழ ஆயிரம் மரங்கள் போகும். கூட்டங்களில் நான்காண்டு உட்கார்ந்தவர்கள் இதை அறிவிப்பு வந்த பிறகுதான் அறிந்தார்கள்.

இதில் அதிகாரிகளின் தரப்பை ஒதுக்கித்தள்ளிவிட முடியாது. நெடுஞ்சாலையோரம் பூமிக்கடியில் உயரழுத்த மின்வடங்கள் ஓடுகின்றன. அவற்றின் மேல் கரைமேடு எழுப்புவது பெரும் சிக்கல். பழைய திட்டப்படி ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தை மூட வேண்டும். புதிய திட்டத்தில் மண்ணையும் தளவாடங்களையும் படகுகளில் கொண்டுவரலாம். கடல்மட்டம் ஏற ஏறப் பூங்காவே அடிக்கடி மூழ்கும் என்பதும் உண்மைதான்; சாண்டியின் உப்புநீர் பட்டுக் கருகிய மரங்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் புதிய திட்டம் மோசமானதென்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தக் காரணங்களில் எதுவும் 2018இல் திடீரென்று முளைத்ததில்லை. மின்வடங்கள் முன்பிருந்தே அங்கே இருந்தன. நெடுஞ்சாலையும் இருந்தது. கடல்மட்டக் கணிப்பும் கையில் இருந்தது. ‘நீங்கள் விரும்பும் வடிவத்தில் இந்தச் சிக்கல் இருக்கிறது, என்ன செய்யலாம்’ என்று அதே கூட்டத்தில் அதே மேசையில் வைத்துக் கேட்டிருக்கலாம். மூன்று மொழியில் கருத்துக் கேட்கத் தெரிந்த அரசுக்கு இந்த ஒரு கேள்வியை மூன்று மொழியில் கேட்கத் தெரியாமல் போகவில்லை, கேட்க விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மாற்றத்துக்கு அடிப்படையான பொறியியல் ஆய்வறிக்கை 2021 வரை பொதுப்பார்வைக்கு வரவில்லை. முதலில் வெளியான பிரதியிலும் பல பகுதிகள் கருப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. தன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ள அறிக்கையைத் திறக்கும் ஒருவர், பக்கம் பக்கமாக அந்தக் கருப்புப் பட்டைகளைப் பார்த்துவிட்டு அடுத்த கலந்தாய்வுக் கூட்டத்துக்கு எந்த மனதோடு போவார்?

மான்ஹாட்டன் பகுதித் தலைவரும் நகரமன்ற உறுப்பினர் ஒருவரும் கேட்டுக்கொண்டதன் பேரில், நெதர்லாந்தின் டெல்டாரெஸ் நிறுவனத்திலிருந்து ஹன்ஸ் கெரெல்ஸ் 2019இல் திட்டத்தைத் தனியே ஆராய்ந்தார். பூங்காவை உயர்த்துவதில் நன்மை உண்டென்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் இரு வடிவங்களையும் ஒப்பிட வேண்டிய தகவல்கள் வெளிப்படையாக இல்லை என்று குறை கூறினார். கடலோடு வாழ்வதில் உலகுக்கே வழிகாட்டும் நாட்டிலிருந்து வந்த நிபுணருக்கே கிடைக்காத தகவல் அடுக்கக வாசிக்குக் கிடைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 2019 நவம்பரில் நகரமன்றம் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பின் பலனாக, பூங்காவை ஒரேயடியாக மூடாமல் பகுதி பகுதியாக வேலை செய்ய நிர்வாகம் இணங்கியது. வழக்குகள் நடந்தன. 2021 டிசம்பரில் மரங்கள் வெட்டப்பட்டன. பூங்காவைக் காக்கப் போராடியவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

அந்த வேலியின் இரு பக்கத்திலும் இருந்தது குடியிருப்போர்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளின் சங்கத் தலைவர்களில் பலர் புதிய திட்டத்தை ஆதரித்து நகரமன்ற விசாரணையில் பேசினார்கள். அடுத்த புயலில் இருட்டில் படியேற வேண்டியவர்கள் அவர்களுடைய ஆட்கள். மரம் போனாலும் பரவாயில்லை, மதில் சீக்கிரம் வரட்டும் என்பது அவர்களுக்கு நியாயமான நிலை. ஒன்றிய நிதியைச் செலவிட 2022 என்று கெடு வேறு இருந்தது. மரங்களுக்காக நின்றவர்களின் குரலை மட்டும் ‘மக்கள் குரல்’ என்று எழுதிய செய்திகள் அந்த அடுக்ககங்களை மறந்துவிட்டன. ஆதரவைக் காட்டி ‘மக்களே ஏற்றுக்கொண்டார்கள்’ என்று சொன்ன அதிகாரிகளோ, அந்த ஆதரவாளர்களுக்கும் இரு திட்டங்களை ஒப்பிடும் தகவலைக் கொடுக்கவில்லை. இரு தரப்பாரும் நான்காண்டு ஒன்றாக உட்கார்ந்து பேசியவர்கள். 2018க்குப் பிறகு ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சுமத்தும் நிலைக்கு வந்தார்கள். உறவு முறிந்த ஊரில் அடுத்த பேரிடரின்போது யாருடைய கதவை யார் தட்டுவது? இந்த நட்டம் எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறவில்லை.

ஓக்வுட்டிலும் குறையில்லாமல் இல்லை. விலை பேசும் உரிமை வீட்டுக்காரருக்கு; வாடகைக்கு இருந்தவருக்கு அந்தத் தெருப்படத்தில் இடமில்லை. விற்க மறுத்த ஒரு சிலர் காலி மனைகளுக்கு நடுவே தனித்துப்போனார்கள். தெருவில் காட்டு வான்கோழியும் மானும் மேயத் தொடங்கின. விற்றுப் போனவர்களில் சிலர் வெள்ள அபாயமுள்ள வேறு பகுதியிலேயே குடியேறினார்கள், ஏனென்றால் கையிலிருந்த பணத்துக்கு அங்கேதான் வீடு கிடைத்தது. ஊரை விட்டு விலகும் முடிவு ஊரார் கையில் இருந்தது, போய்ச்சேரும் இடம் சந்தையின் கையில் இருந்தது. மேலும், அங்கே பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர்கள், சிறிய ஊர், ஒரே குரல். ஒரு லட்சம் பேர் வாழும் அடுக்ககப் பகுதிக்கு இதை அச்சாக எடுத்து ஒட்ட முடியாது. வாடகைக்கு இருப்பவருக்கு அரசு வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. அவருக்குத் தேவை அவர் இருக்கும் இடத்திலேயே பாதுகாப்பு.

அப்படியிருந்தும் ஓக்வுட் மக்கள் குறைந்த மனக்குறையோடும், லோயர் ஈஸ்ட் சைடு மக்கள் காயத்தோடும் இருப்பதற்குக் காரணம் ஊரின் அளவு மட்டுமல்ல என்பது என் முடிவு. ஓக்வுட்டில் கேள்வியை எழுப்பியவர்கள் குடியிருந்தவர்கள். இங்கே இருப்பதா, போவதா என்ற அடிப்படைக் கேள்வியிலேயே அவர்கள் தொடங்கினார்கள். கணக்கு அவர்கள் கையில் இருந்தது. யார் சம்மதித்தார்கள், எந்தத் தெருவில் எத்தனை மனை என்பதை அரசு அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. மான்ஹாட்டனில் கேள்வி வெளியே தயாராகி வந்தது. கரைமேடு எப்படி இருக்கட்டும், அதன்மேல் இருக்கை போடலாமா, பாலம் எங்கே என்று கேட்டார்கள். தடுப்பு எந்தப் பக்கம், பூங்கா மூழ்கலாமா, நெடுஞ்சாலை எத்தனை இரவு மூடப்படலாம் என்ற பெரிய கேள்விகள் துறைகளுக்கு இடையே தனியே பேசப்பட்டன. கடைசியில் திட்டத்தைப் புரட்டிப்போட்டது இந்தப் பெரிய கேள்விகள்தான்.

கூட்டங்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மான்ஹாட்டனே முன்மாதிரி. உலகமெங்கும் கருத்தரங்குகளில் அப்படித்தான் அது பல ஆண்டு காட்டப்பட்டது. நிபுணர் குழுவைக் கூட்டி, மொழிபெயர்ப்பாளர் வைத்து, வரைபடம் விரித்துக் கேட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திட்டம் மாறவேண்டி வந்தபோது அந்தக் கூட்டத்தை மறுபடி கூட்டாததுதான் குறை. வெள்ளத் தடுப்பு வேலை பத்துப் பதினைந்து ஆண்டு நீளும். இடையில் மேயர் மாறுவார், செலவு ஏறும், புதிய கணிப்பு வரும், வடிவம் மாறியே தீரும். முதல் வரைபடத்துக்கு வாங்கிய சம்மதத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது வரைபடத்தைக் கட்டக் கூடாது. பின்னாளில் கட்டுமானத்தைக் கவனிக்க குடியிருப்போர் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. தூசி, மூடிய பாதை, நடவிருக்கும் மரம் பற்றியெல்லாம் அது கேட்டது. 2018 கோடையில் அப்படி ஒரு குழு அறைக்குள் இருந்திருந்தால், ஒருவேளை இதே உயர்த்திய பூங்காவே வந்திருக்கும், ஆனால் கசப்பு இந்த அளவுக்கு மிஞ்சியிருக்காது.

இனி வருவது இரண்டையும்விடப் பெரிது. 2022 செப்டம்பரில் அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை, நியூயார்க்–நியூஜெர்சி துறைமுகம் முழுமைக்கும் 5,200 கோடி டாலருக்கு மேற்பட்ட வரைவுத் திட்டத்தை வெளியிட்டது. ஜமைக்கா விரிகுடா, நியூட்டவுன் ஓடை, ஸ்டேட்டன் தீவைச் சுற்றியுள்ள ஆர்தர் கில், கில் வான் கல் என 12 இடங்களில் புயல் தடுப்புக் கதவுகள், அவற்றை இணைக்கும் மதில்கள். கருத்துச் சொல்லும் கெடு 2023 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. ஸ்டேட்டன் தீவின் கிழக்குக் கரையில் ஃபோர்ட் வாட்ஸ்வொர்த்திலிருந்து ஓக்வுட் பீச் வரை ஐந்து மைலுக்கு மேல் நீளும் இன்னொரு கடற்தடுப்புத் திட்டமும் இருக்கிறது. ஓக்வுட் மக்கள் காலிசெய்த நிலத்தின் வழியாகவே அதன் தென்கோடி போகிறது.

அந்த மதில்களின் பாதையில் வசிப்பவர்களுக்கு இப்போதே கொடுக்க வேண்டியவை சில உண்டு: பூமிக்கடியில் என்ன ஓடுகிறது என்ற வரைபடம், கைவிடப்பட்ட மாற்று வடிவங்களின் செலவுக் கணக்கு, எந்த முடிவை எந்தத் துறை எந்தத் தேதிக்குள் எடுக்கும் என்ற அட்டவணை. இந்த மூன்றும் அலுவலகக் கோப்புகளில் இருப்பவை. புதிதாக ஒரு கூட்டமும் கூட்டாமல் நாளைக்கே வெளியிடக்கூடியவை.